லூர்து ஆற்றின் தலைமடை: கவார்னியைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை

ஆகஸ்ட் மாதம் பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்துக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், அங்கிருந்து ஒரு நாள் ஸ்பெயின் எல்லையில் பிரனீஸ் மலைத்தொடரிலுள்ள கவார்னி அருவிக்குப் போய்வர எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுபது வயதைக் கடந்த அம்மாவும் பதினான்கு வயது மகனும் உடன் வருவதால் யாருக்கு எது ஒத்துவரும், அருவியைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது, ஒரு நாள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அருவியை மட்டும் பார்க்க ஒரு நாள் தாராளம். ஆனால் கவார்னியை அருவி இருக்கும் ஊர் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள் அந்த ஊரில் பாதியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது என் கருத்து. அதனால் ஒரு இரவு தங்கும்படி திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

லூர்தில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் மசபியேல் குகைக்கு முன்னால், மெழுகுவர்த்திகளுக்கு அப்பால், ஓர் ஆறு ஓடுவதைப் பார்ப்பீர்கள். அதன் பெயர் காவ் த போ. "காவ்" என்பது அந்தப் பகுதியின் கஸ்கோன் மொழியில் மலையாற்றைக் குறிக்கும் பொதுச்சொல். அந்த ஆற்றின் தலைமடைதான் கவார்னி. 2013 ஜூன் 18ஆம் தேதி இதே ஆறு பெருக்கெடுத்து லூர்துத் திருத்தலத்துக்குள் புகுந்தபோது, மேலே மலைப் பள்ளத்தாக்கில் சாலைகளும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றை எதிர்த்துத் தெற்கே ஏறினால், ஆர்ஜெலேஸ், லியூஸ், ஜேத்ர் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், 1,365 மீட்டர் உயரத்தில் கவார்னி இருக்கிறது. ஜேத்ரைத் தாண்டியதும் வீட்டளவு பாறைகள் இறைந்து கிடக்கும் ஒரு சரிவினூடே சாலை வளைந்து ஏறும். மலை இடிந்து விழுந்த அந்தக் கற்குவியலைக் கூமேலியின் "கேயோஸ்" என்பார்கள். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே இந்த மலையின் குணத்தை அது சொல்லிவிடுகிறது.

ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரும் பாறைச் சுவர் அரைவட்டமாக நிற்கும். பனியாறுகள் குடைந்த இத்தகைய பள்ளத்தைப் பிரெஞ்சில் "சிர்க்" என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இதற்கு "ஊல்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், அதற்குப் பானை என்று பொருள். பானைக்குள் நின்று விளிம்பைப் பார்ப்பது போன்ற உணர்வு வரும் என்பதால் இரண்டாவது பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுவர் ஒரே செங்குத்தாக எழாமல் மூன்று அடுக்குகளாக, நடுநடுவே பனி தங்கும் படிகளோடு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்கிறது. அதன் உச்சியில் மூவாயிரம் மீட்டரைக் கடந்த சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. இடப்பக்க மூலையில் விழுவதுதான் நீங்கள் பார்க்க வரும் பெரிய அருவி. 422 மீட்டர் உயரம் கொண்ட அது ஐரோப்பாவின் உயரமான அருவிகளுள் ஒன்று. ஜூனில் பனி உருகும்போது அது முழு வேகத்தில் கொட்டும்; நீங்கள் வரும் ஆகஸ்டில் சற்று மெலிந்து, காற்றடித்தால் பாதி வழியிலேயே திவலையாகக் கலைந்துவிடும். குளிர்காலத்தில் சுவரில் வழியும் நீர் உறைந்து, பனிக்கட்டி ஏறும் வீரர்களின் களமாகிவிடுகிறது.

இந்த அருவியில் விழும் நீர் பிரான்சில் பிறந்ததன்று. சுவருக்கு அப்பால், ஸ்பெயினுக்குள், மோன் பெர்தியூ மலையின் வடபுறத்தில் 2,500 மீட்டருக்கு மேலே உறைந்த ஏரி ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, எல்லைக்கு அடியிலேயே நடந்து வந்து, கவார்னிச் சுவரில் வெளிப்படுகிறது. சாயம் கலந்து விட்டுப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். அதே சுண்ணாம்புக்கல்லுக்குள், ஸ்பெயின் பக்கத்தில், உள்ளே பனிக்கட்டி உறைந்திருந்த ஒரு குகையை 1926இல் நோர்பேர் காஸ்தெரே என்ற குகை ஆய்வாளர் தம் குடும்பத்தாரோடு நடந்தபோது கண்டறிந்தார். ஆக, லூர்துக் குகைக்கு முன்னால் ஓடும் ஆற்றின் முதல் துளிகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை. சுவர் போலத் தோன்றும் இந்த மலையைத் தண்ணீர் மட்டும் கடக்கவில்லை. மனிதர்களும் மாடுகளும் கடந்திருக்கிறார்கள், இன்றும் கடக்கிறார்கள். இந்த ஊரின் மரபுச் சின்னங்கள் எல்லாமே இப்படி மலையைக் கடந்து போவதைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

அதற்கு முதல் சான்று ஊரின் சிறிய தேவாலயம். அருவிக்குச் செல்லும் கூட்டத்தில் பெரும்பாலோர் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன் பழைய பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ த கொம்போஸ்தேலாவுக்கு நடந்து சென்ற திருப்பயணிகளில் சிலர் இந்த வழியாக மலையைக் கடந்தார்கள். அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் புனித யோவான் மருத்துவமனைச் சபையைச் சேர்ந்த துறவி வீரர்கள். மலையின் மறுபுறத்தில் புஹாருவேலோ என்ற இடத்தில் இதற்கு இணையான இன்னொரு சத்திரம் இருந்தது. ஒரு சத்திரத்தில் விடிந்து இன்னொன்றில் பொழுது சாயும்படி அமைந்த ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம். தேவாலயத்தின் மாதாவுக்கு "போன் போர்" அன்னை என்று பெயர். அகராதியைப் பார்த்து இதை "நல்ல துறைமுகத்தின் அன்னை" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பிரனீஸ் மலையில் "போர்" என்றால் கணவாய். நல்லபடியாகக் கணவாயைக் கடக்க வைக்கும் தாய் என்பதே பொருள். உள்ளே சில மண்டை ஓடுகள் இருக்கின்றன. அவை கொல்லப்பட்ட டெம்ப்ளர் என்னும் வேறொரு துறவி வீரர் சபையினருடையவை என்று ஒரு கதை சுவையாகச் சொல்லப்படும். கதையாகக் கேட்டு ரசிக்கலாம், ஆனால் இங்கே இருந்தவர்கள் யோவான் சபையினர், டெம்ப்ளர்கள் அல்லர்.

இந்தத் தேவாலயம், பிரான்சிலுள்ள சந்தியாகோ திருப்பயண வழிகள் என்ற தொகுதியின் உறுப்பாக 1998இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 1997இல், ஊரைச் சுற்றிய மலைவெளி "பிரனீஸ்–மோன் பெர்தியூ" என்ற பெயரில் அதே பட்டியலில் இடம்பெற்றது. எல்லையின் இருபுறமும் சேர்த்து 30,639 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடம், இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் ஒருசேர ஏற்கப்பட்ட கலப்பு மரபிடங்களுள் ஒன்று. அத்தகையவை உலகப் பட்டியலில் மிகக் குறைவு. இயற்கைப் பகுதி கண்ணெதிரே தெரிகிறது. பண்பாட்டுப் பகுதி எது என்று கேட்டால், மேய்ச்சல் என்பதே விடை. மலையின் இருபுறத்துப் பள்ளத்தாக்குகளும், தங்கள் அரசர்கள் போரிட்டுக்கொண்டிருந்த காலத்திலும்கூட, புல்லையும் தண்ணீரையும் பகிர்ந்துகொள்வதற்குத் தமக்குள் ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. ஸ்பெயினின் புரோத்தோ பள்ளத்தாக்கு மாடுகள் இன்றும் ஜூலை பிற்பகுதியில் உயர்ந்த கணவாயைக் கடந்து, கவார்னிக்கு மேற்கேயுள்ள ஒசூ பள்ளத்தாக்கின் புல்வெளிகளுக்கு மேய வருகின்றன. இரு நாடுகளும் 1862இல் எல்லையை வரையறுத்து உடன்படிக்கை செய்தபோதும் இந்த மேய்ச்சல் வழக்கத்தை அழித்துவிடவில்லை. ஆகஸ்டில் ஒசூ பக்கம் நடந்தால் உங்கள் மகன் அந்த மாடுகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அவற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பதையும் அவனுக்குச் சொல்லலாம்.

இனி நடப்பதைப் பற்றி. ஊரிலிருந்து அருவிக்குச் செல்லும் பாதை முதலில் ஆற்றோரமாகச் சமதளத்தில் போய், பிறகு பீச் மரக் காட்டுக்குள் மெல்ல ஏறி, 1,570 மீட்டர் உயரத்திலுள்ள பழைய விடுதிக் கட்டடத்தை அடைகிறது. நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த விடுதியின் முற்றத்தில் அமர்ந்தாலே சுவர் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். அம்மா அதுவரை வந்தால் போதும். நடக்க முடியாவிட்டால் ஊரில் குதிரையும் கழுதையும் வாடகைக்குக் கிடைக்கும். பல தலைமுறைகளாக இந்த ஊரார் செய்துவரும் தொழில் அது. விடுதியிலிருந்து அருவியின் அடிவாரம் வரையான மீதி முக்கால் மணி நேரம் கற்கள் உருளும் சரிவு. அங்கே கால் பிடிப்புள்ள காலணி இல்லாமல் ஏறக்கூடாது. அருவியின் அடியில் மீந்து கிடக்கும் பழம்பனி மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் நீர் குடைந்து உள்ளீடற்று இருக்கும் என்பதால், படம் எடுப்பதற்காகக்கூட அதன்மேல் ஏறவோ அதனடியில் நுழையவோ மகனை விடாதீர்கள். ஆகஸ்டில் பத்து மணிக்குமேல் இந்தப் பாதை திருவிழாத் தெரு போல் ஆகிவிடும். ஊரில் தங்கினால் எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடலாம். தங்கச் சொல்வதற்கு அதுவே முக்கியமான காரணம்.

பாதைக்கு அருகே குராத் என்னும் மேட்டில் ஒரு கல்லறை இருக்கிறது. 1924இல் மறைந்த ஃபிரான்ஸ் ஷ்ராதேருடையது அது. இந்த மலைப்பகுதியின் முதல் துல்லியமான வரைபடத்தை 1874இல் வெளியிட்டவர் அவர்; ஓவியரும்கூட. அவர் வாழ்நாள் முழுதும் வரைந்த மலைகளைப் பார்த்தபடியே அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். கோடையில் இந்த மேட்டில்தான் மாலை வேளைகளில் திறந்தவெளி நாடகம் நடக்கும். பாறைச் சுவரே பின்திரை.

மலையேற்ற வரலாற்றில் கவார்னிக்குத் தனி இடம் உண்டு. அதன் தொடக்கம் ஓர் அறிவியல் வழக்கு. மோன் பெர்தியூ என்றால் "தொலைந்த மலை". ஏறத்தாழ 3,350 மீட்டர் உயர்ந்த அந்தச் சிகரம், பிரான்ஸ் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து பார்த்தால் மற்ற சிகரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் அந்தப் பெயர். ஒரு மலைத்தொடரின் உச்சி கருங்கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் நம்பிய காலத்தில், ஸ்திராஸ்பூரைச் சேர்ந்த ரமோன் த கார்போனியேர் என்பவர் இந்த மலை கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல் என்று நிறுவப் புறப்பட்டார். 1797இல் அவர் தொடங்கிய முயற்சி 1802 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. அவர் முன்கூட்டி அனுப்பிய இரு வழிகாட்டிகள் ஸ்பெயினின் அரகோன் பகுதி இடையன் ஒருவனின் உதவியோடு 6ஆம் தேதி உச்சியை எட்டினார்கள். அவர் நான்கு நாள் கழித்து ஏறினார். கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் அந்த மலையில் கிடைத்தன. அவர் பெயரால் "ரமோன்டா" என்று அழைக்கப்படும் ஊதாநிறப் பூச்செடி இங்கே நிழலான பாறை இடுக்குகளில் வளர்கிறது. அதன் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. பனியுகங்களுக்கு முந்தைய வெப்பக் காலத்தின் எச்சமாக இந்தக் குளிர்மலையில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது.

மேற்கே 3,298 மீட்டர் உயரத்தில் வீன்மால் சிகரம் இருக்கிறது. 1838 ஆகஸ்ட் 7ஆம் தேதி அதன் உச்சியை அடைந்தவர், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஆன் லிஸ்டர் என்ற பெண்மணி. சில நாள்களில் ஓர் இளவரசர் அதே மலையில் ஏற, அவர்தான் முதல் பயணி என்ற பேச்சு பரவியது. வழிகாட்டியோ கூலி தருகிறவருக்கு ஏற்பப் பேசினார். லிஸ்டர் விடவில்லை, தாம் உச்சிக்குச் சென்றது உண்மை என்று அந்த வழிகாட்டியிடமே கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அதே மலையின்மேல் பித்தாகவே திரிந்தவர் ஹென்றி ரசல். அயர்லாந்துத் தந்தைக்குத் துலூஸ் நகரில் 1834இல் பிறந்தவர். சைபீரியா, சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என்று உலகைச் சுற்றிவிட்டு வந்தபின் பிரனீஸே போதும் என்று தங்கிவிட்டவர். வீன்மால் உச்சிக்கு அவர் முப்பத்து மூன்று முறை ஏறினார். 1880இல் உச்சியிலேயே குழி தோண்டித் தம்மைச் சரளைக்கல்லால் மூடச் செய்து ஓர் இரவைக் கழித்தார். பிறகு அந்த மலையில் ஏழு குகைகளை வெட்டுவித்து விருந்தினரை அழைத்து உபசரித்தார். அரசாங்கமும் அவருக்கு வீன்மாலின் மேற்பகுதியை ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகையில் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குத் தந்தது. ஊர் முகப்பில் அவர் சிலை அமர்ந்திருக்கிறது. முதலில் வைத்த வெண்கலச் சிலை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருக்கப்பட்டது. இப்போதிருப்பது பிறகு வைத்தது. ரசல் காலத்தில் பனியாற்றின் ஓரத்திலேயே வாசல் திறந்த கீழ்க் குகைகள், பனி வெகுவாக இறங்கிவிட்டதால், இன்று பாறைமுகத்தில் உயரத்தில் தொங்குகின்றன. பனியாறு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் இந்தப் பகுதியில் இல்லை.

உங்கள் மகனுக்கு மலை நடை பழக்கமா என்பதைப் பொறுத்து இரண்டாம் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். கவார்னியிலிருந்து காரில் 2,208 மீட்டர் உயரத்திலுள்ள தாந்த் கணவாய்க்கு ஏறலாம். அங்கிருந்து வாகனம் செல்லாத பழைய தார்ச்சாலை ஒன்று புஷாரோ கணவாய் வரை பெரிய ஏற்றமின்றிச் செல்கிறது. ஸ்பெயினோடு இணைவதற்காகப் போட்ட சாலை, மறுபக்கத்தில் தொடர்ச்சி இல்லாமல் எல்லையில் நின்றுபோனது. அம்மாவும் இங்கே மெதுவாக நடந்து, ஸ்பெயின் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். முற்காலத்துத் திருப்பயணிகள் கடந்த கணவாய் இதுவே. இதே வழியில் பிரியும் மலைப்பாதை, ஓடையைக் கடந்து, 2,587 மீட்டரிலுள்ள தங்குமனை வழியாக, 2,807 மீட்டரிலுள்ள ரோலான் பிளவுக்குச் செல்கிறது. பாறைச் சுவரின் உச்சியில் ஏறத்தாழ 40 மீட்டர் அகலத்துக்கு யாரோ பல்லைப் பிடுங்கியது போல ஒரு வெட்டு. 778இல் ரோன்செஸ்வால் போரில் மாண்ட, சார்லமேன் மன்னரின் படைத்தலைவன் ரோலான், தன் வாள் பகைவர் கையில் சிக்காதிருக்க அதைப் பாறையில் ஓங்கி உடைக்க முயன்றபோது பாறைதான் பிளந்தது என்பது கதை. உண்மையான போர்க்களம் மேற்கே வெகு தொலைவில் இருக்கிறது. அதைப் பற்றிக் கதைக்குக் கவலையில்லை. பிளவு வரை ஏறி இறங்க ஒரு முழு நாள் வேண்டும், பனித்திட்டுகளில் நடக்கவும் தெரிந்திருக்க வேண்டும்; பழக்கமில்லையென்றால் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், இல்லையேல் தங்குமனையோடு திரும்பிவிடுங்கள்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது கவார்னியை அல்ல, அதன் இரு தங்கைகளை. ஜேத்ரிலிருந்து ஏயாஸ் பக்கம் பிரிந்தால் எஸ்தோபே, துருமூஸ் என்ற வேறு இரண்டு சிர்க்குகள் உள்ளன. எஸ்தோபேக்கு குளோரியெத் அணையின் கரையிலிருந்து நடக்கலாம். ஏற்றம் குறைவு, ஏரியின் நிறம் அருமை. துருமூஸ் கவார்னியைப் போல மிரட்டாது, அகன்று விரிந்த புல்வெளி. மேலே செல்லும் சாலைக்குக் கட்டணம் உண்டு. வழியிலுள்ள ஏயாஸ் சிற்றாலயம் பழைய மரியன்னைத் திருத்தலம். 1915இல் பனிச்சரிவு அழித்ததை மீண்டும் கட்டினார்கள். லூர்துக்கு வரும் உங்கள் அம்மாவுக்கு, கடைகளும் கூட்டமும் இல்லாத இந்த மலைக்கோயில் வேறு விதத்தில் பிடிக்கக்கூடும். இந்தப் பக்கங்களில் மார்மட் என்னும் பெரிய மலை அணில்கள் சீழ்க்கையடிக்கும். அவை இந்த மலைக்குப் பழங்குடிகள் அல்ல. பனியுகத்துக்குப் பின் இங்கே அழிந்துபோய், 1948இல் ஆல்ப்ஸிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஐபெக்ஸ் என்னும் மலையாட்டின் கதை அதைவிடச் சோகமானது. பிரனீஸுக்கே உரிய கிளையினத்தின் கடைசி ஆடு 2000 ஜனவரியில் ஸ்பெயின் பக்கத்தில் இறந்தது. 2014 முதல் ஸ்பெயினின் வேறு மலைகளிலிருந்து அதன் உறவினத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

திரும்பும் வழியில் லியூஸ் ஊரில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தைச் சுற்றிப் பின்னாளில் கோட்டைச் சுவரும் காவல் கோபுரமும் எழுப்பியிருக்கிறார்கள்; வழிபாட்டிடம் கோட்டை வேடம் பூண்டதை அவ்வளவு தெளிவாக இந்தப் பகுதியில் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் "ககோ வாசல்" என்று ஒரு சிறு வாசலைக் காட்டுவார்கள். ககோக்கள் என்போர் பிரனீஸ் அடிவாரங்களில் பல நூற்றாண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். தனிக் குடியிருப்பு, தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. தச்சு வேலை போன்ற சில தொழில்கள் மட்டுமே அனுமதி. அவர்களுக்குத் தனி மொழியோ தனி மதமோ இருந்ததில்லை. தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, மூன்றாம் நெப்போலியனும் அரசி யூஜெனியும் 1859இல் இங்கே தங்கியதன் விளைவாகக் கட்டப்பட்ட ஒற்றை வளைவுப் பாலம், ஆற்றுக்கு 60 மீட்டருக்கு மேல் நிற்கிறது. மூன்றாவது நாளும் கையில் இருந்தால், தூர்மலே கணவாயைக் கடந்து, 2,877 மீட்டரிலுள்ள பிக் தியூ மிதி வானாய்வகத்துக்குக் கம்பிவட வண்டியில் செல்லலாம். நடக்கவே தேவையில்லாத உயரம் அது, வானம் தெளிந்திருந்தால் மட்டும் பயணச்சீட்டு வாங்குங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். மேலே உள்ள பகுதியில் பெரும்பாலானது 1967இல் அமைக்கப்பட்ட பிரனீஸ் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், நாய், டிரோன், தீ மூட்டல், பூப்பறித்தல் ஆகியவற்றுக்கு அங்கே தடை உண்டு. பிற்பகலில் இடிமழை திடீரென்று வரும். இரண்டு மணிக்குமேல் உயரத்தில் இருக்காதபடி புறப்பாட்டைக் கணக்கிடுங்கள். கார் இல்லாமல் லூர்திலிருந்து லியூஸ் வரை பேருந்தில் வந்துவிடலாம், அதற்குமேல் செல்லும் வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவான ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வருகிறீர்களென்றால், லூர்திலும் மலையிலும் அறை கிடைப்பது கடினம்; மூன்று நான்கு மாதம் முன்னதாகவே பதிந்துகொள்ளுங்கள். இரவு உணவுக்கு, ஆட்டுக்கறி உண்பவர்களானால், "பரேஜ்–கவார்னி" என்று எழுதியிருக்கும் உணவைக் கேளுங்கள். 2003 முதல் புவிசார் தகுதி பெற்ற கறி அது; மேய்ச்சல் மலைகளில் கோடைகளைக் கழித்த, குட்டிப் பருவம் தாண்டிய ஆடுகளுடையது. பகலில் நீங்கள் பார்த்த புல்லும் பூவும்தான் அதன் மணம் என்று உள்ளூரார் சொல்வார்கள்; மசாலா அதிகம் சேர்க்காமல் சுடுவார்கள் என்பதால், ஊறுகாய்ப் புட்டியை மட்டும் அம்மா பையில் வைத்துக்கொள்ளட்டும்.